நாம் அழித்த நான்கு வரிகள்

2025-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு நாள் இரவு. வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. உணவு உண்ணும் வேளையில் நம் மகன் அன்றைய செய்தி ஒன்றைப் படித்துக் காட்டினான். பொய்ச் செய்தியையும் தவறான தகவலையும் தடுப்பதற்காகக் கர்நாடக அரசாங்கம் ஒரு மசோதாவின் வரைவை ஆக்கியிருக்கிறதாம். சமூக ஊடகங்களில் பொய்ச் செய்தி பரப்புவோருக்கு 7 ஆண்டு வரை சிறையும், 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க அதில் இடம் உண்டாம். இவற்றை மேற்பார்க்க அமைச்சர் ஒருவர் தலைமையில் ஓர் அதிகாரக் குழுவும் அமையுமாம்.

"நல்ல காரியந்தானே! கண்டவர் கண்டபடி எழுதுகிற காலமாய்ப் போயிற்று. கடிவாளம் ஒன்று வேண்டாமா?" என்றோம் நாம்.

மகன் உடனே விடை கூறவில்லை. சிறிது பொறுத்து, "அப்பா, 2016-இல் இப்படி ஒரு சட்டமும் இல்லை. ஆனாலும் நான் எழுதியதை அழிக்கச் சொன்னீர்களே, நினைவிருக்கிறதா?" என்று கேட்டுவிட்டுக் கை கழுவ எழுந்து சென்றான்.

அவன் சினந்து பேசவில்லை. ஆயினும் அதன்பிறகு நம் இலையில் இருந்த சோறு இறங்கவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடிப் பார்த்ததே இக்கட்டுரை. நம்மைப் போலவே பிறந்த மண்ணை விட்டு வந்து இந்நகரில் குடியேறியுள்ள அன்பர்களும் இதைத் தத்தம் இல்லங்களில் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது நம் விருப்பம்.

நாம் பெங்களூருக்கு வந்தது 1984-இல். ஊர் மன்னார்குடிக்கு அருகே ஒரு சிற்றூர். தம்பி இன்றும் அங்கேயே பயிர் செய்து வருகிறான். நமக்கு இங்கே தொழிற்சாலையில் கடைசல் இயந்திரத்தின் முன்னே வேலை கிடைத்தது. வந்த இரண்டாம் ஆண்டிலேயே கன்னடம் பேசக் கற்றுக்கொண்டோம். சம்பளம் கொடுத்த ஊர், பிள்ளைக்குக் கல்வி கொடுத்த ஊர், குடிக்கக் காவிரி நீர் கொடுத்த ஊர் இது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, தொரெக்காடனஹள்ளி வழியாக, குழாய் ஏறி அந்நீர் இங்கு வருகிறது. ஊரில் தம்பி வயலுக்குப் பாய வேண்டியதும் அதே ஆற்றின் நீர்தான். இந்த ஒரு செய்தியை நினைத்து மகிழ்ந்த நாட்களும் உண்டு. அஞ்சிய நாட்களும் உண்டு.

1991-ஐ நேயர்கள் பலர் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வாண்டு ஜூன் 25-ஆம் தேதி காவிரி நடுவர் மன்றம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுதோறும் 205 டி.எம்.சி. நீர் விட வேண்டும் என்று இடைக்கால ஆணை பிறப்பித்தது. டிசம்பர் மாதத்தில் அவ்வாணை மத்திய அரசின் அரசிதழில் வெளியாயிற்று. அதை அடுத்து இந்நகரம் எரிந்தது. உயிர்கள் மாண்டன, குடிசைகள் சாம்பலாயின, எத்தனையோ குடும்பங்கள் இரவோடிரவாக மூட்டை கட்டிப் புறப்பட்டன. அன்று கைப்பேசி ஏது? இணையம் ஏது? வாய்மொழி ஒன்றே வதந்திக்கு வாகனமாக இருந்தது. தண்ணீர்த் தொட்டியில் ஏதோ கலந்துவிட்டார்கள் என்று நம் தெருவில் ஒருவர் சொன்னார். அரை மணி நேரத்தில் தெரு முழுதும் தண்ணீரைக் கீழே கொட்டியது. சொன்னவர் யாரிடம் கேட்டார் என்பது இன்றுவரை தெரியவில்லை.

அல்சூர் ஏரிக்கரையில் நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலையும் அந்த 1991-ஆம் ஆண்டிலேதான் திறப்பு விழாக் காணாமல் மூடப்பட்டது. பதினெட்டு ஆண்டுகள் அது துணிக்குள்ளே நின்றது. அவ்வழியே செல்லும்போதெல்லாம் நாம் தலையைத் திருப்பிக்கொள்வது வழக்கம். 2009-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9-ஆம் தேதி அது திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பட்டது. அன்று கூட்டத்தில் நின்ற நம் கண்கள் கலங்கியதை ஒளிப்பானேன்? இனி அச்சமில்லை என்று எண்ணினோம். அந்த எண்ணம் ஏழாண்டுகளே நிலைத்தது.

2016-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி, தமிழ்நாட்டுக்கு நாள்தோறும் 15,000 கன அடி வீதம் பத்து நாட்களுக்கு நீர் திறக்குமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. மாண்டியாவில் உழவர்கள் சாலைக்கு வந்தார்கள். 9-ஆம் தேதி கர்நாடகம் முழுதும் கடையடைப்பு. அதன்பின் நிகழ்ந்தது 1991-இல் நிகழாத ஒன்று. முகநூலில் எதையோ எழுதினான் என்று இந்நகரில் தமிழ் இளைஞன் ஒருவனைச் சிலர் பிடித்து அடித்து மன்னிப்புக் கேட்க வைத்தார்கள். அதைப் படம் பிடித்து உலகெங்கும் அனுப்பினார்கள். இராமேசுவரத்தில் கர்நாடக வண்டியோட்டி ஒருவர் தாக்கப்பட்டார், அதுவும் படமாயிற்று. சென்னையில் ஓர் உணவு விடுதி தாக்கப்பட்டது. ஒவ்வொரு படமும் மறு மாநிலத்தில் புதிய நெருப்பாக விழுந்தது. 12-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நீரின் அளவை 12,000 கன அடியாகக் குறைத்தது. ஆனால் நாள்களை நீட்டியது. அன்று மாலைக்குள் பெங்களூரில் ஒரே பணிமனையில் நாற்பதுக்கு மேற்பட்ட பேருந்துகள் எரிந்தன. 16 காவல் நிலைய எல்லைகளில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது.

அன்று காலை நம் வீட்டில் தம்பி மகன் விருந்தினனாக வந்து தங்கியிருந்தான். அவனுடைய இருசக்கர வண்டியில் தமிழ்நாட்டுப் பதிவெண். கீழ்வீட்டில் குடியிருக்கும் வீட்டுக்கார அம்மையார் கன்னடத்தவர். மாண்டியாப் பக்கத்தில் பிறந்தவர். அவர் நம்மை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வண்டியைத் தாமே தள்ளிக்கொண்டு போய்க் கொல்லைப்புறத்தில் நிறுத்தி, பழைய போர்வை ஒன்றால் மூடினார். பிறகு படியேறி வந்து, "ஹொரகே ஹோக பேடி, அண்ணா" என்றார். வெளியே போகாதீர்கள் என்பது அதன் பொருள். மாலையில் அவர் நமக்கும் சேர்த்துப் பால் வாங்கி வந்தார்.

அந்த இரவில்தான் நம் மகன் முகநூலில் எழுதினான். அப்போது அவனுக்கு வயது பத்தொன்பது, பொறியியல் மாணவன். எழுதியவை நான்கே வரிகள், யாரையும் ஏசவில்லை, எவர் பெயரையும் குறிப்பிடவில்லை. மன்னார்குடியில் சித்தப்பா நாற்றுவிடத் தண்ணீரின்றி நிற்கிறார் என்பது முதல் வரி. தான் அதே ஆற்றின் நீரைக் குழாயில் பிடித்துக் குடிப்பதாக இரண்டாம் வரி. மற்ற இரண்டும் நமக்கு நினைவில்லை. நினைவில்லாமற் போனது ஏன் என்பதைப் பின்னர்ச் சொல்லுகிறோம்.

பக்கத்துத் தெரு அன்பர் ஒருவர் தொலைபேசியில், "உங்கள் பையன் காவிரியைப் பற்றி ஏதோ போட்டிருக்கிறானாமே?" என்றார். அவ்வளவுதான். நம் இல்லாள் நடுங்கிப் போனாள். நாம் மகனின் அறைக்குச் சென்று அழிக்கச் சொன்னோம். "இதில் என்ன தவறு, அப்பா? படித்துப் பாருங்கள்" என்றான். நாம் படிக்கவில்லை. "தவறு இருக்கிறதா இல்லையா என்பது இப்போது கேள்வி அன்று, அழி" என்றோம். அவன் அழித்தான். அழித்த பிறகு திரையை நம் பக்கம் திருப்பிக் காட்டினான். அந்த முகம் நமக்கு இன்றும் நினைவிருக்கிறது.

அவ்விரவு நாம் உறங்காமல் கிடந்தபோது எண்ணியது இதுதான்: சர்க்கார் இந்தக் கருவிகளையெல்லாம் ஒரு வாரம் அடைத்துப் போட்டால் என்ன? இந்த எண்ணத்திற்காக நாம் இன்று வெட்கப்படவில்லை. வாசலில் நெருப்பு நிற்கும்போது எவருக்கும் அப்படித்தான் தோன்றும். 2020-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11-ஆம் தேதி இரவு, முகநூல் பதிவு ஒன்றைக் காரணமாகக் காட்டி இதே நகரில் தேவர ஜீவனஹள்ளியிலும் காடுகொண்டனஹள்ளியிலும் காவல் நிலையங்கள் தாக்கப்பட்டதையும், துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போனதையும் கண்டவர்கள், சொல்லால் தீங்கில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? வள்ளுவரும் நாவடக்கத்தை அடக்கமுடைமையில் வைத்துத்தானே பாடினார்?

ஆனால் அடைத்துப் போட்டால் என்ன ஆகும் என்பதையும் இந்நகரம் ஒரு முறை கண்டிருக்கிறது. 2012-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், வடகிழக்கு மாநிலத்தவர்கள் தாக்கப்படப் போகிறார்கள் என்ற வதந்தி குறுஞ்செய்திகளில் பரவிற்று. ஆயிரக்கணக்கானோர் பெங்களூர் ரயில் நிலையத்தில் குவிந்தனர். குவாஹாட்டிக்குச் சிறப்பு ரயில்கள் விடப்பட்டன. அப்போது மத்திய அரசு, ஒருவர் ஒரு நாளைக்கு ஐந்து குறுஞ்செய்திகளுக்கு மேல் அனுப்பலாகாது என்று பதினைந்து நாட்களுக்குத் தடை விதித்தது. முந்நூறுக்கு மேற்பட்ட இணையப் பக்கங்களையும் முடக்கிற்று. முடக்கப்பட்டவற்றின் பட்டியலை இந்நகரிலேயே உள்ள ஓர் ஆய்வு மையத்தார் ஆராய்ந்தபோது, வதந்தி பொய் என்று எடுத்துக்காட்டிய பதிவுகளும் அவற்றுள் சிக்கியிருந்தன என்பது தெரியவந்தது. களையைப் பறிக்க வயலில் இறங்கியவன் பயிரையும் சேர்த்துப் பிடுங்கினாற் போன்றது இது.

2006-ஆம் ஆண்டு ஜூலையிலும் இவ்வாறே நடந்தது. ஒரு சில பக்கங்களை முடக்குமாறு தொலைத்தொடர்புத் துறை ஆணையிட்டது. இணைய இணைப்புத் தரும் நிறுவனங்களோ பக்கங்களைப் பிரித்தறிய இயலாமல் வலைப்பதிவுகள் இருந்த தளங்களையே முழுதாக மூடின. தமிழில் வலைப்பதிவு செழித்து வளர்ந்த காலம் அது. கவிதை எழுதியவரும், சமையற் குறிப்பு எழுதியவரும் தம் பக்கத்தையே சில நாட்கள் காணாமல் திகைத்தனர்.

சட்டத்தின் கதையைச் சற்றே சுருக்கிச் சொல்லுவோம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ஆம் ஆண்டில் வந்தது. 2008-இல் அது திருத்தப்பட்டபோது இரு பிரிவுகள் புகுந்தன. ஒன்று 66ஏ. பிறருக்கு எரிச்சலோ தொல்லையோ தரும் செய்தியை அனுப்பினால் மூன்றாண்டு வரை சிறை என்றது அது. எரிச்சலுக்கு அளவுகோல் எங்கே உண்டு? 2012 அக்டோபரில் புதுச்சேரியில் ஒருவர், மத்திய அமைச்சர் ஒருவருடைய மகனைப் பற்றிச் சில சொற்கள் எழுதியதற்காகக் கைது செய்யப்பட்டார். அடுத்த மாதமே மகாராட்டிரத்துப் பால்கரில் இரண்டு இளம்பெண்கள் கைதானார்கள். ஒருத்தி, பால் தாக்கரே மறைவை ஒட்டி மும்பையில் நடந்த கடையடைப்பைக் குறித்து எழுதியவள். மற்றொருத்தி அதைப் பிடித்திருக்கிறது என்று குறியிட்டவள். இதைக் கண்டு மனம் பொறாத சிரேயா சிங்கால் என்ற சட்ட மாணவி உச்ச நீதிமன்றம் சென்றார். 2015 மார்ச் 24-ஆம் தேதி நீதிபதிகள் செல்லமேசுவரும் நரிமனும் அப்பிரிவையே செல்லாதென்று நீக்கினார்கள்.

மற்றொரு பிரிவு 69ஏ. நாட்டின் பாதுகாப்பு, பொது அமைதி முதலிய காரணங்களுக்காக இணையப் பக்கங்களை முடக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அது தருகிறது. காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், குழு ஆராய வேண்டும் என்ற காவல்கள் இருக்கின்றன என்று சொல்லி, அதே தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அதனை நிலைநிறுத்திற்று. ஆனால் 2009-ஆம் ஆண்டின் விதிகள் அந்த ஆணைகளை இரகசியமாக வைக்கச் சொல்லுகின்றன. காவல் இருக்கிறது, காவற்காரனை யாரும் பார்க்க முடியாது!

இந்த வழக்குகள் பின்னர் நம் நகரத்துக்கே வந்தன. ட்விட்டர் என்று முன்பு பெயர் பெற்றிருந்த நிறுவனம், தனக்கு வந்த முடக்க ஆணைகளை எதிர்த்துக் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் வழக்கிட்டது. 2023 ஜூன் 30-ஆம் தேதி நீதிபதி கிருஷ்ண தீட்சித் அதனைத் தள்ளுபடி செய்து, ஆணைகளை ஓராண்டுக்கு மேல் நிறைவேற்றாமல் இருந்ததற்காக 50 லட்சம் ரூபாய் செலவுத் தொகையும் விதித்தார். அதன்பின் மத்திய உள்துறை 'சகயோக்' என்ற தளத்தை அமைத்தது. அரசு அதிகாரிகள் பலர் அதன் வழியே நேரடியாக நிறுவனங்களுக்கு நீக்கல் அறிவிப்பு அனுப்பலாம். அதை எதிர்த்த வழக்கும் 2025 செப்டம்பர் 24-ஆம் தேதி நீதிபதி நாகபிரசன்னாவால் தள்ளுபடி செய்யப்பட்டது. சமூக ஊடகம் கட்டுப்பாடின்றி இருக்க முடியாது என்றும், பேச்சுரிமை இந்நாட்டுக் குடிமக்களுக்கு உரியதேயன்றி அயல்நாட்டு நிறுவனத்துக்கு உரியதன்று என்றும் நீதிமன்றம் கூறியது.

சரி, உரிமை குடிமகனுடையது, ஒப்புக்கொள்ளுவோம். ஆனால் அறிவிப்புப் போவது நிறுவனத்துக்கு. எழுதிய குடிமகனுக்கோ பல சமயம் யார் நீக்கச் சொன்னார், ஏன் சொன்னார் என்பதே தெரிவதில்லை. உரிமை உடையவனுக்குச் செய்தி இல்லை. செய்தி பெறுபவனுக்கு உரிமை இல்லை. இருவருக்கும் இடையில் வழக்கை யார் தொடுப்பது? இந்தக் கேள்வி நம் போன்ற எளியவர்களுடையது, பெரிய நிறுவனங்களுடையதன்று. 2025 அக்டோபரில் மத்திய அரசு விதிகளைத் திருத்தி, இணைச் செயலாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியே, காரணத்தைத் தெளிவாகக் காட்டி அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்றது. அது ஒரு படி முன்னேற்றமே. எழுதியவனுக்கும் ஒரு நகல் போக வேண்டும் என்பது அடுத்த படி.

இங்கே நம் முரண்பாட்டையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2025 பிப்ரவரி 15-ஆம் தேதி மாலை விகடன் இணையதளம் திறக்கவில்லை என்று பலர் சொன்னார்கள். அமெரிக்க அதிபரின் முன் நம் பிரதமர் விலங்கிடப்பட்டு அமர்ந்திருப்பதாக அவர்களுடைய மின்னிதழில் ஒரு கேலிச்சித்திரம் வந்திருந்தது. இந்தியர்கள் பலர் விலங்கிடப்பட்டு அமெரிக்காவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட நேரம் அது. ஒரு படத்துக்காகத் தளம் முழுவதும் மறைந்தது. மார்ச் 6-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம், அந்த ஒரு பக்கத்தை மட்டும் தற்காலிகமாக நீக்கச் சொல்லி, தளத்தைத் திறந்துவிட ஆணையிட்டது. 1987-இல் அதே விகடனின் ஆசிரியர் பாலசுப்பிரமணியன் ஓர் அட்டைப்படத் துணுக்குக்காகத் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தால் சிறைக்கு அனுப்பப்பட்டார். எதிர்ப்பு எழவே சில நாட்களில் விடுதலையானார். அன்றும் கொதித்தோம், 2025-இலும் கொதித்தோம். "ஒரு சித்திரத்தைத் தாங்க மாட்டார்களா?" என்று நண்பர்களிடம் உரக்கப் பேசினோம். அதே வாயால், நான்கு மாதம் கழித்து, கர்நாடக வரைவைக் கேட்டு "நல்ல காரியம்" என்றோம். நமக்குப் பிடித்ததை மூடினால் அநியாயம்; நாம் அஞ்சுவதை மூடினால் நியாயம்! மகன் கேட்ட கேள்வி சுட்டது அதனால்தான்.

இது இன்று தோன்றிய சிக்கலும் அன்று. 1908-ஆம் ஆண்டில் இந்த மைசூர் நாட்டிலேயே, திவான் மாதவராவ் காலத்தில், பத்திரிகைகளை அடக்கும் சட்டம் ஒன்று வந்தது. தாதையா என்று மக்கள் அன்புடன் அழைத்த வெங்கடகிருஷ்ணய்யா அதற்குத் தலைவணங்க மனமின்றித் தம் பத்திரிகைகளையே நிறுத்தினார். அதே 1908-இல்தான் நம் பாரதியும் 'இந்தியா' பத்திரிகையைக் காக்கப் புதுச்சேரிக்குப் போனார். கன்னடத்தாரும் தமிழரும் ஒரே ஆண்டில் ஒரே நோயை அனுபவித்தார்கள் என்பதை இரு மொழிப் பிள்ளைகளுக்கும் யார் சொல்லிக் கொடுக்கிறார்கள்? வெள்ளையர் போனபின்னும் நோய் தீரவில்லை. 'கிராஸ் ரோட்ஸ்' என்ற பம்பாய் வார இதழைச் சென்னை அரசாங்கம் தன் எல்லைக்குள் நுழையவிடாமல் தடுத்தது. 1950-இல் உச்ச நீதிமன்றம் அத்தடையை நீக்கிற்று. மறு ஆண்டே அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்து, பொது ஒழுங்கின் பொருட்டுப் பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தலாம் என்று சேர்த்தது. ஆனால் அக்கட்டுப்பாடு நியாயமானதாக இருக்க வேண்டும் என்ற சொல்லையும் உடன் வைத்தது. இன்றுவரை எல்லா வழக்கும் அந்த 'நியாயமான' என்ற ஒரு சொல்லைச் சுற்றியே நடக்கிறது.

அப்படியானால் நெருப்பு மூட்டுபவனை விட்டுவிடுவதா? வேண்டாம். இரு பிரிவினரிடையே பகை மூட்டுபவனைத் தண்டிக்க இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இடம் இருந்தது. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதையிலும் 196-ஆம் பிரிவாக அது இருக்கிறது. 2025 டிசம்பரில் பெலகாவியில் கூடிய கர்நாடகச் சட்டமன்றம் வெறுப்புப் பேச்சுக்கு எதிராகத் தனி மசோதா ஒன்றையும் நிறைவேற்றியது. 2016-இல் அந்த இளைஞனை அடித்தவர்கள் மீது பாய்ந்திருக்க வேண்டிய சட்டத்தைப் பற்றி நமக்குக் குறையில்லை. நம் குறையெல்லாம், 'பொய்' என்பதையும் 'எரிச்சல்' என்பதையும் அதிகாரத்தில் இருப்பவரே அளந்து சொல்லும் சட்டத்தைப் பற்றியது. செவி கசக்கும் சொல்லையும் பொறுப்பதை அரசனுக்குப் பெருமையாக வள்ளுவர் இறைமாட்சியில் வைத்தார். அந்தப் பொறுமை தானாக வராத இடத்தில், காரணம் கேட்கும் உரிமையும், நீதிபதி முன் போகும் வழியும் வேண்டும்.

வீடுகளில் நாம் செய்யக்கூடியதும் உண்டு. எவரோ அனுப்பிய அடிதடிப் படத்தை, எங்கே எப்போது எடுத்தது என்று தெரியாமல் வாட்ஸ்அப்பில் மறுபடி அனுப்பாதிருப்போம். 2016-இல் ஊரை எரித்ததில் பெரும்பங்கு அப்படங்களுக்கு உண்டு. நம் பிள்ளைகள் எழுதுவதை, அஞ்சுமுன் ஒரு முறை படித்துப் பார்ப்போம். எழுதியது நீக்கப்பட்டால் வாளா இராமல், 2021-ஆம் ஆண்டின் விதிகளின்படி அந்நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதிக் கேட்போம். விடை மனநிறைவு தராவிட்டால் முப்பது நாட்களுக்குள் மேல்முறையீட்டுக் குழுவுக்கும் போகலாம். இவற்றைத் தமிழில் எடுத்துச் சொல்ல நம் சங்கத்தில் ஒரு மாலைக் கூட்டம் வைத்தால் பயன் உண்டு.

இனி, அந்த நான்கு வரிகளின் கதையை முடித்துவிடுவோம்.

மகன் கேள்வி கேட்ட மறு ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்கார அம்மையார் மாடிப்படியில் அமர்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். நாம் அவரிடம் அந்த 2016 இரவைப் பற்றிச் சொன்னோம். மகன் எழுதியதையும், நாம் அழிக்கச் சொன்னதையும் சொன்னோம். அவர் கையிலிருந்த காயைத் தட்டில் வைத்தார்.

"என்ன எழுதியிருந்தான்?" என்று கன்னடத்தில் கேட்டார்.

மகன் முதல் இரண்டு வரிகளையும் கன்னடத்தில் சொன்னான். சித்தப்பாவின் வயலைப் பற்றியும், குழாய் நீரைப் பற்றியும்.

அம்மையார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த ஆண்டு மாண்டியாவில் எங்கள் அண்ணன் வயலிலும் தண்ணீர் இல்லை. கரும்பு காய்ந்து போயிற்று. நான் அதை உங்களிடம் சொல்லவில்லை, சொன்னால் சண்டைக்கு வருகிறேன் என்று நினைப்பீர்களோ என்று பயந்தேன்" என்றார்.

ஒரே கூரையின் கீழே, மேலும் கீழுமாக, இரண்டு குடும்பங்கள் வறண்ட இரண்டு வயல்களை ஒன்பது ஆண்டுகள் ஒருவருக்கொருவர் சொல்லாமலே வைத்திருந்தோம். எந்தச் சர்க்காரும் நம்மைத் தடுக்கவில்லை. நாமே தடுத்துக்கொண்டோம்.

"மிச்சம் இரண்டு வரி என்ன?" என்று அவர் மகனைக் கேட்டார்.

"ஞாபகம் இல்லை, ஆன்ட்டி" என்றான் அவன்.

நமக்கும் ஞாபகம் இல்லை. அன்று அவன் படித்துப் பார்க்கச் சொன்னபோது நாம் படிக்கவில்லை அல்லவா? முதல் இரண்டு வரிகளும் பிற்பாடு அவன் வாயால் கேட்டு அறிந்தவையே. மற்ற இரண்டு வரிகள் இனி எவருக்கும் கிடையா.

அம்மையார் மீண்டும் காயை எடுத்தார். நாமும் அவரோடு படியில் அமர்ந்து ஆயத் தொடங்கினோம். இருட்டும்வரை அவருடைய அண்ணனைப் பற்றியும் நம் தம்பியைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தோம்.